ஊசியில் பொருத்திய அந்துப்பூச்சிகளைப் படமெடுத்தல்

கேள்வி: இனங்காணும் ஆய்வுக்காகப் படமெடுக்கும்போது சிறகுச் செதில்களின் பளபளப்பு வெண்திட்டுகளாகப் பதிகிறது, சிறகு தெளிவாக இருந்தால் உடல் மங்கிவிடுகிறது. இதற்கு என்ன வழி?

பதில் 1: வெண்தாளை மாதிரியைச் சுற்றி உருளையாக நிறுத்தி, ஒளி அதன் வழியே பரவி விழுமாறு செய்யுங்கள். லென்ஸின் துளையை மிகவும் சுருக்கினால் விளிம்பு விளைவால் (துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால்) நுண்விவரங்கள் மழுங்கும் என்பதால், எஃப் 8 என்ற நடுத்தரத் துளை அளவில் வைத்து, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் இணைப்பதே சிறந்தது.

பதில் 2: அளவுகோலைச் சிறகுகளின் மட்டத்திலேயே வையுங்கள், பின்னணித் தாளில் கிடத்தினால் அது தொலைவில் அமைவதால் பூச்சி உண்மையைவிடப் பெரிதாகக் கணக்கிடப்படும்.

பதில் 3: சிறகின் அடிப்புறத்தையும், சேகரித்த இடமும் நாளும் எழுதிய சீட்டுகளையும் தவறாமல் படமெடுங்கள். அவை இல்லாத படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஆய்வாளருக்குப் பாதியே பயன்படும்.