இணைப்புச் சாலை: வசூலுக்கு முன் புலப்படம்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்ச் சங்க உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊருக்குக் கான்கிரீட் இணைப்புச் சாலை போட ஆளுக்கு எவ்வளவு கட்டுவது என்ற பேச்சு சூடு பிடித்திருக்கிறது. வசூலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அந்தப் பாதையின் புலப்பட (நில எல்லை அளவு காட்டும் வரைபடம்) நகலையும், நிலம் யார் பெயரில், என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டு விவரத்தையும் எடுக்க வேண்டும். வண்டிப்பாதை, பாதை புறம்போக்கு என்று இருந்தால் கவலையில்லை. நடுவில் ஓர் உட்பிரிவு பட்டாவில் கிடந்தால், தலைமுறை தலைமுறையாக வண்டி ஓடிய தடமாக இருந்தாலும் பொறியாளர் அங்கே மதிப்பீடு போட மாட்டார். பட்டாதாரர்கள் எல்லோரும் ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்து தர வேண்டும். அதில் ஒருவர் துபாயிலோ டொராண்டோவிலோ இருந்தால் பவர் பத்திரத்துக்கே மாதங்கள் ஓடும். வாய்க்கால் குறுக்கே வந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

இடம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் நிதி. நம் போன்ற சங்கத்துக்குத் தோதானது, மக்கள் ஒரு பங்கு கட்ட மீதியைத் தமிழக அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98இல் வந்தது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22இல் பழைய பெயருக்கே திரும்பியது. கிராமப்புறத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் கட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். 15 லட்ச ரூபாய் வேலைக்கு நம் பங்கு 5 லட்சம். பங்களிப்பு பாதியைத் தாண்டினால் வேலையை நாமே எடுத்துச் செய்யக் கேட்கலாம். ஊரில் நின்று மேற்பார்க்க ஆள் இல்லாத நமக்கு அது வேண்டாத வேலை.

எம்.பி. நிதியைப் பலரும் கேட்கிறீர்கள். ஆண்டுக்கு 5 கோடி என்பது கேட்கப் பெரிதுதான், ஆனால் அது தொகுதி முழுமைக்கும். பேருந்து நிழற்குடை, சிறுபாலம் மாதிரித் தனித்து நிற்கும் வேலைக்கு அங்கே மனு போடுவது நல்லது.

எந்த வழியானாலும் கிராம சபைத் தீர்மானம் கையில் இருக்கட்டும். ‘சாலை வசதி வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயன் குறைவு. புல எண், எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

இனி வெளிநாட்டுப் பணம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் பணம், அவர் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாத சங்கக் கணக்கில் அவர் பணம் ஒரு ரூபாய் விழுந்தாலும் வில்லங்கம். பதிவுள்ள வேறொரு அறக்கட்டளை வாங்கி நமக்குத் தள்ளிவிடலாம் என்ற யோசனையும் 2020 திருத்தத்தோடு அடைபட்டது. ஆகவே அவர்கள் பங்கைத் தனியாக நிறுத்தி, ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் வழி கேட்ட பிறகே நகர்த்துங்கள். மற்றவர்கள் பணத்துக்கு, வரைவோலை எந்தப் பெயரில் என்பதை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் போடும் அன்று ஊரில் ஒருவர் டேப்புடன் நிற்க வேண்டும். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர். ஓரப் பலகையில் அளந்தால் 15 சரியாக இருக்கும். நடுவில் மண்ணை மேடாக விட்டிருந்தால் அங்கே 10 செ.மீ.தான் விழும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நூல் கட்டி, கலவை கொட்டும் முன் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். குடிநீர்க் குழாய் சாலையைக் கடக்கும் இடங்களில் அதை உள்ளே நுழைக்கும்படி முன்கூட்டியே பெரிய குழாய் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடமே உடைப்பார்கள். கான்கிரீட் இறுக இரண்டு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, ஓரத்தில் மண் அணைப்பது, இரண்டும் மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று நகல் வாங்கிப் பாருங்கள். அணைப்பு இல்லாத சாலையில் டிராக்டர் ஒதுங்கினாலே விளிம்பு பெயரும்.

மினி பஸ் வர வேண்டும் என்றால் 3 மீட்டர் போதாது. 3.75 மீட்டரும் ஊர்க் கோடியில் வண்டி திரும்ப இடமும் முதல் மதிப்பீட்டிலேயே கேளுங்கள். பிறகு அகலப்படுத்த மறுபடியும் புலப்படத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நகல்கள் கைக்கு வந்ததும் இங்கே இணைத்து அனுப்புங்கள்.