கிப்பிங் உரிக்கும்போது கிழிகிறது, இலை வடாம் போடுபவர்கள் உதவுங்கள்

பிலிப்பைன்ஸில் கேசோன் மாகாணம், லுக்பான் ஊரில் இருக்கிறோம். மே 15 இங்கே உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் திருநாள், பஹியாஸ் என்ற விழா. ஊர்வலப் பாதை வருடா வருடம் மாறும். இந்தமுறை எங்கள் தெரு. பாதையிலுள்ள வீடுகளின் முகப்பை நெற்கதிர், காய்கறி, கிப்பிங் எல்லாம் கட்டி மறைத்துவிடுவார்கள். கிப்பிங் என்பது சாயம் கலந்த அரிசி மாவை நிஜ இலைமேல் மெல்லிசாகப் பூசி, ஆவியில் வேகவைத்து உரிப்பது. கிட்டத்தட்ட நம் இலை வடாம்தான்.

உரிக்கும்போது நடுநரம்பை ஒட்டிக் கிழிகிறது. தப்பியவையும் மறுநாள் ஓரம் சுருண்டு உடைகின்றன.

ஊறவைத்து அரைத்த மாவு, கடை மாவு இரண்டும் பார்த்தாயிற்று. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். எண்ணெய் தடவினால் இலை விடுகிறது, ஆனால் சாயம் திட்டுத்திட்டாகிறது. காபி இலையை மாற்றி அகலமான கபால் இலையில் பூசினாலும் அதே கதை. பனஹாவ் மலையடிவாரம், மதியமானால் மழை. அதனால் மின்விசிறியில்தான் காய்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டால் "கைக்கே தெரியும்" என்கிறார். அவர் கைக்குத் தெரிகிறது, சரி!

வெந்ததும் சூட்டோடு உரிக்க வேண்டுமா, இலையோடு கொஞ்சம் காயவிட்டு உரிக்க வேண்டுமா?