விதானம் மட்டும் போதாது, தழையடுக்கும் வேண்டும்

காட்டு மரங்களின் கிளையும் இலையும் சேர்ந்து கூரைபோல் அமைவதைக் குறிக்கும் கேனபிக்கு (canopy) விதானம் என்ற சொல் ஏற்கெனவே பரவிவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் லைடார் (lidar) பற்றி எழுதும்போது அது ஒன்றை வைத்தே ஓட்டிவிட முடியாது. விதானம் என்றால் மேலே விரித்துக் கட்டிய மேற்கட்டி, மனதில் வருவது ஒரு பரப்பு. லைடாரோ பரப்புக்குக் கீழேயும் அளக்கிறது.

விமானத்திலிருந்து ஒரு லேசர் துடிப்பு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சிக் கிளையில் கொஞ்சம் ஒளி பட்டுத் திரும்பும், மிச்சம் இலை இடுக்கில் நுழைந்து நடுக்கிளை, புதர் என்று பட்டுப் பட்டுக் கடைசியில் தரையைத் தொட்டுத் திரும்பும். ஒரு நானோவினாடி தாமதித்தால் சுமார் 15 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கணக்கு (அந்த நேரத்தில் ஒளி சுமார் 30 செ.மீ. ஓடும், ஆனால் போய்த் திரும்ப வேண்டுமே, அதனால்தான் பாதி). உச்சிக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை விதான உயரம் என்றால் சரி, பொருந்துகிறது. நடுவில் திரும்பியவற்றை என்ன செய்வது? எந்த உயரத்தில் தழை அடர்த்தி, எங்கே வெற்றிடம் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. அடியில் காலியாகக் கிடக்கும் மரத்தோட்டமும் பல மட்டங்களில் செழித்த பழங்காடும் ஒரே விதான உயரத்தில் இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்லவே.

இந்த உள்ளமைப்புக்குத் தழையடுக்கு என்று வைக்கலாம். முதலில் இலையடுக்கு என்றுதான் தோன்றும், ஆனால் சிறு கிளையும் ஒளியைத் திருப்பும், தழை என்றால் இரண்டும் அடங்கிவிடும். அடிமரம் மட்டும் இதில் சேராது, அதைத் தனியாகவே சொல்லிவிடலாம்.

திரும்பி வரும் ஒளியை எதிரொலி என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம், இங்கே ஒலியே கிடையாது. மீளொளி என்பது சுருக்கமாகவும் இருக்கிறது, முதல் மீளொளி, கடைசி மீளொளி என்று தடங்கல் இல்லாமல் நீள்கிறது. மேல் மீளொளி, கீழ் மீளொளி என்று பிரிக்க வேண்டாம், ஏனென்றால் தரையில் முக்காலியில் வைத்து வருடும் (ஸ்கேன் செய்யும்) லைடார் கருவிக்குத் தாழ்ந்த கிளைதான் முதலில் பதில் தரும். 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன, காடுகளை அளக்கும் ஜெடி (GEDI) என்ற லைடார் கருவி இன்னும் வேறு மாதிரி, சுமார் 25 மீட்டர் அகலமுள்ள வட்டத்திலிருந்து வரும் ஒளி முழுவதையும் ஒரே தொடர் வளைவாகப் பதிகிறது, அதை மீளொளி வளைவு என்றாலே புரியும்.