மறு: ‘டாக்ஸ் ரெசிடென்ட்’: வரிக்குடி சரிவராது

> வரிக்குடி என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், வாயில் நிற்கும்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘டாக்ஸ் ரெசிடென்ட்’டுக்கு, அதாவது ஒரு நாட்டின் வருமான வரிக்கு அந்நாட்டில் வசிப்பவராகக் கணக்கிடப்படுகிறவருக்கு, நீங்கள் சொல்லும் வரிக்குடி வாயில் நிற்கும் அண்ணா, அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘குடி’ என்றதும் நம்மாட்கள் நேரே குடியுரிமைக்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே வீடு வாங்கப் பார்க்கிறவருக்கு அந்தக் குழப்பம் கையைக் கடித்துவிடும். சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வேலை பார்க்கிற திருச்சிக்காரர் ஒருவர், ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ அங்கே இருந்துவிட்டால் வருமான வரிக்கு அவர் ரெசிடென்ட். வருட வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) வரி இல்லை, பிறகு படிப்படியாக ஏறி உச்சத்தில் 24 விழுக்காடு, குடிமக்களுக்கும் இதே விகிதம்தான். நாள் குறைந்தால் சம்பளத்துக்கு நேராக 15 விழுக்காடு அல்லது ரெசிடென்ட் விகிதத்தில் வருவது, இரண்டில் எது அதிகமோ அது. இத்தனையிலும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்ற கேள்வியே வருவதில்லை.

அதே ஆள் 15 லட்சம் வெள்ளிக்கு ஒரு காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கப் போகட்டும். எல்லாரும் கட்டுகிற முத்திரை வரி 44,600 வெள்ளி. சரி, அது போகட்டும். வெளிநாட்டவர் என்பதால் அதற்கு மேல் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு, அதாவது 9 லட்சம் வெள்ளி! 2023 ஏப்ரல் 27 முதல் இந்த விகிதம், அதற்கு முன் 30. வருடக்கணக்கில் ஒழுங்காக வருமான வரி கட்டியிருந்தாலும் ஒரு காசு குறையாது. ஆனால் அமெரிக்கக் குடிமகன் நேற்றுதான் வந்து இறங்கியிருந்தாலும், இரு நாட்டுக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் புண்ணியத்தில், இந்த வரியில் அவருக்குச் சிங்கப்பூர்க் குடிமகனுக்குள்ள நடைமுறைதான். நம் திருச்சிக்காரரிடம் ‘நீங்கள் வரிக்குடி’ என்று சொல்லிவைத்தால், அந்த 60 விழுக்காடு தனக்கு இல்லை என்றுதானே அவர் நினைப்பார்? கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் கட்டவேண்டிய பணம் அது.

> அப்படியானால் ‘வரிக் குடியிருப்பாளர்’?

இது இன்னும் சிக்கல். சொத்து வரி என்று மூன்றாவது ஒன்று இருக்கிறதே! வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதன் மேல் போடுவது. அங்கே அவர்கள் பார்ப்பது, சொந்தக்காரர் அந்த வீட்டில் குடியிருக்கிறாரா என்பதைத்தான். குடியிருந்தால் குறைந்த விகிதம், வாடகைக்கு விட்டாலும் பூட்டிவைத்தாலும் 12 முதல் 36 விழுக்காடு. ‘குடியிருப்பவர்’ அந்த இடத்துக்கு வேண்டிய சொல், அதைக் கொண்டுவந்து இங்கே செலவழிக்கக் கூடாது.

நிரந்தரவாசி மாதிரி ‘வரிவாசி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விலைவாசிக்குத் தம்பி போலக் கேட்கிறது. ‘வரி உறைவு’ என்றால் வரியை உறைய வைத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படுவார்கள்.

என் கட்சி ‘வரி வதிவு’. இலங்கையில் வதிவிட விசா என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், தமிழ்நாட்டில்தான் வதிதல் (தங்கி வாழ்தல்) கொஞ்சம் மறந்துபோன சொல், இரண்டு முறை படித்தால் பழகிவிடும். ஆளுக்குப் பெயர் வைக்காமல் நிலைக்கு வைப்பதற்கும் காரணம் உண்டு. இது வருடா வருடம் மாறக்கூடியது, ஒரே நேரத்தில் இரண்டு நாட்டிலும் இருக்கக்கூடியது. செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூர் வேலையை விட்டு ஊர் திரும்புகிறவரைப் பாருங்கள். அங்கே கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, அவருடைய 183 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. இங்கே ஏப்ரல் முதல் மார்ச். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணினால் சாதாரண வருடத்தில் சரியாக 182 நாள், வரி வதிவுக்கான இந்திய வரம்பும் அதேதான்! ஆக அவருக்கு இரட்டை வதிவு. அப்புறம் இரட்டை வரியைத் தவிர்க்கும் இரு நாட்டு ஒப்பந்தத்தைப் பிரித்து, நிலையான வீடு எங்கே, குடும்பமும் பொருளாதார உறவும் எந்தப் பக்கம் நெருக்கம், வழக்கமாக எங்கே தங்குகிறார் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். குடியுரிமை அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. ‘இரட்டை வரிக்குடி’ என்று எழுதினால் இரட்டைக் குடியுரிமை என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள், இந்தியாவில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

ஆளைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வரி வதிவாளர்’, நான்-ரெசிடென்ட்டுக்கு ‘வரி வதிவற்றவர்’. இரண்டாவது கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மற்ற இரண்டையும் இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம்.