கமூர்ரா: முன்பக்கம் கயிறு இறுக்கினா ஒரு ஓரம் மேலே ஏறுது, உதவி தேவை

செந்நூல்:
15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் பெண்கள் போட்ட கமூர்ரா, அதாவது உடம்போட ஒட்டி நிக்கிற நீளக் கவுன் ஒண்ணு முழுக்கக் கையாலயே தைக்கிறேன். நல்லா அடிச்சு இறுக்கின கனமான கம்பளி, தேன்மெழுகு தடவின லினன் நூல். பார்த்துத் தைக்கிறது சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்துல கிர்லண்டாயோ 1485–90ல வரைஞ்ச சுவரோவியங்கள். உள்ளே போடுற வெள்ளை லினன் கமீச்சா முடிஞ்சது. தனியா கட்டுற கைகளும் அழகா வந்திருக்கு, இடைவெளியில கமீச்சா புடைச்சுத் தெரியுது.

சிக்கல் பாடியிலதான், அதாவது இடுப்புக்கு மேல் பகுதியில. முன் ஓரம் ரெண்டுலயும் நேருக்கு நேர் ஓட்டை, ஒரே கயிறு சுத்திச் சுத்தி ஏறுது. இறுக்கினதும் இடது ஓரம் அரை இஞ்ச் மேலே போயிடுது. ஓட்டைகளுக்கு நடுவுல ஓரம் வாய் பிளக்குது, மார்புக்குக் கீழே குறுக்குச் சுருக்கம் விழுது. லைனிங் மெல்லிசு காட்டன். பாவாடை இன்னும் சேர்க்கல, பிரிக்கணும்னா இப்பவே பிரிச்சிடலாம்.

கத்தரிமுனை:
முன் ஓரத்துக்கு ரெண்டு பக்கமும் போன் (bone, விறைப்பான குச்சி) வச்சுத் தைங்க, சுருக்கம் போயிடும்.

பழந்துணி:
போன் வேண்டாம்ங்க. உள்ளே விறைப்பான குச்சி வச்ச பாடி 16ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். கமூர்ரா உடம்போட நிக்கிறது கச்சிதமான வெட்டாலயும் உள்ளே இருக்கிற லினனாலயும்தான்.

ஓரம் ஏறுறதுக்குக் காரணம் ஓட்டைகள் நேருக்கு நேர் இருக்கிறது. ஒத்தைக் கயிறு எப்பவும் சாய்வாத்தான் போகும், இழுக்க இழுக்க ஒரு பக்கத்தை மேலே தள்ளும். வலது பக்கத்தை அப்படியே விடுங்க. இடது பக்கம் மேல் ஓட்டையும் கடைசி ஓட்டையும் மட்டும் இருக்கட்டும், நடுவுல இருக்கிறதெல்லாம் அரை இடைவெளி தள்ளி வரணும். அப்போ கயிறு ரெண்டு பக்கமும் சமமா இழுக்கும்.

ஓட்டையை வெட்டினீங்களா, குத்தூசியால குத்தினீங்களா?

செந்நூல்:
குத்தூசிதான். சுத்தி நூல் கட்டியிருக்கேன்.

பழந்துணி:
அப்போ கவலையே இல்லை. இழை அறுபடல, ஒதுங்கித்தான் இருக்கு. நூலைப் பிரிச்சு, ஈரத்துணி போட்டு ஆவி காட்டுங்க, நகத்தால லேசா நீவி விடுங்க. இந்தக் கம்பளி தானா கூடிக்கும், ஓட்டை இருந்த தடமே தெரியாது. காட்டன்ல இது நடக்காது. இதுக்காகவே எனக்குக் கம்பளி பிடிக்கும்!

சுருக்கத்துக்கு அந்த மெல்லிசு லைனிங்கை எடுத்துட்டு, ரெண்டு மடிப்பு கெட்டி லினன் போடுங்க. லினனோட நேர் இழை முன் ஓரத்துக்கு இணையா ஓடணும். கொஞ்சம் கிராஸா, அதாவது இழைக்குச் சாய்வா போனாலும் இறுக்கும்போது நீண்டு மறுபடி வாய் பிளக்கும். ரெண்டு மடிப்பையும் ஓரத்துல ஓடு தையலால பிடிச்சுட்டு, அதுக்கு அப்புறம் ஓட்டை போடுங்க.

ஊசிக்காது:
ஓட்டைகளை நெருக்கியும் வைங்க அக்கா, முக்கால் இஞ்சுக்கு மேல இடைவெளி வேண்டாம். லண்டன்ல தோண்டி எடுத்த 14ஆம் நூற்றாண்டுக் கம்பளித் துண்டுகள்ல காஜா ஓரத்துக்கு உள்பக்கம் மெல்லிசு பட்டுப் பட்டி வச்சுத் தைச்சிருக்காங்க. அது இங்கிலாந்துதான், ஆனா இழுபடுற ஓரத்தைத் தாங்குற வழி எந்த ஊருக்கும் பொருந்தும்.

செந்நூல்:
மூணு பேருக்கும் நன்றி. இடது பக்கம் பிரிச்சு ஆவி காட்டினேன், ஓட்டை நிஜமாவே மூடிடுச்சு! புது லினனோட தள்ளி வச்ச ஓட்டைகள்ல கயிறு கோத்துப் பார்த்தேன், ரெண்டு ஓரமும் ஒரே மட்டத்துல நிக்குது. முன்பக்கச் சுருக்கமும் இல்லை. அக்குள்கிட்ட மட்டும் ஒரு சின்ன மடிப்பு.

பழந்துணி:
அதை இப்போ தொடாதீங்க. பாவாடையோட கனம் இடுப்பை இறக்கும், பாதி மடிப்பு அதுலயே போயிடும். மிச்சம் இருந்தா பக்கத் தையல்ல கொஞ்சம் பிடிங்க. பாவாடைல கிராஸ் துண்டு வச்சிருந்தா, கீழ் மடிப்பு தைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தொங்க விட்டுட்டு, தரையிலேருந்து அளந்து வெட்டுங்க.