உவர்மலைச் சொந்தங்கள் (குடும்ப வட்ஸ்அப் குழு)

தங்கச்சி: பெரியக்காவைக் கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பெண் பொலிஸ், மற்ற ஆட்கள் சிவில் உடுப்பு.

சின்ன மாமி: ஐயோ கோணேசப் பெருமானே

மூதூர் மச்சாள்: என்ன குற்றமாம்?

தங்கச்சி: சொல்லவில்லை. விசாரணையாம். பிட்டை இறக்கிவிட்டு வாறேன் என்றா, விடவில்லை. காணாமற்போன பிள்ளைகளைத் தேடுகிற அம்மாமார் சொல்வதை எழுதி வைக்கிற சீஆர் கொப்பி, ஃபோன் எல்லாம் போய்விட்டது. பிரஷர் குளிசை மேசையில் கிடக்கிறது.

கனடா சித்தப்பா: ஊருக்காக அலைந்தது போதும், இங்கே வா என்று எத்தனை தரம் சொன்னேன்

மூதூர் மச்சாள்: 2024 மேயில் சம்பூரில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி கொடுத்த பெண்களைப் பிடித்தபோது சாப்பாடு கட்டிக்கொண்டு ஓடினது அவதான் சித்தப்பா

பெரியண்ணா: கவனமாக வாசியுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் குற்றம் சாட்டாமலே வைத்திருக்கலாம். 1979 இலிருந்து இதுதான் நிலைமை. தடுப்புக் காவல் உத்தரவு இல்லாவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டு போக வேண்டும். உத்தரவு எடுத்தால் மூன்று மூன்று மாதமாக நீட்டுவார்கள். முந்தி 18 மாதம் வரை, 2022 திருத்தத்துக்குப் பிறகு 12. கிளிநொச்சி ஜெயக்குமாரியை நினையுங்கள். காணாமற்போன மகனைத் தேடிப் போராடிய தாய். 2014 மார்ச்சில் பிடித்துப் பூசா தடுப்பு முகாமில் வைத்தார்கள். குற்றப்பத்திரிகை இல்லை. 2015 மார்ச்சில்தான் பிணை. பேசாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சின்ன மாமி: கண்ணாடி இல்லை தம்பி, வொய்ஸ் போடு

மூதூர் மச்சாள்: இப்ப என்ன செய்வது?

பெரியண்ணா: 1996 என்ற அவசர ஃபோன் இலக்கத்துக்கு எடுத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதியுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் அவர்களே அறிவிக்க வேண்டும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான். ஆணைக்குழுவில் முறைப்பாடு இருந்தால் விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. முக்கியமானது, சிங்களத்தில் எழுதினதில் அவ கையெழுத்து வைக்கக் கூடாது. ஏஎஸ்பிக்கு, அதாவது உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுக்கிற வாக்குமூலமே சாட்சியாகிவிடும்.

கனடா சித்தப்பா: லோயருக்குக் காசு நான் போடுகிறேன்

பெரியண்ணா: நல்லது சித்தப்பா. அம்மாவோடும் ஒருக்காக் கதையுங்கள். காணிப் பிரச்சினைக்குப் பிறகு நீங்கள் எடுக்கவே இல்லை.

கனடா சித்தப்பா: அதை இங்கே எழுதாதே

சின்ன மாமி: ஞாயிறு சாமத்திய வீடு என்ன செய்வது? மண்டபத்துக்கு முற்பணம் கொடுத்தாச்சு

தங்கச்சி: மாமி இப்பவா

சின்ன மாமி: பெரியக்கா ஆலாத்தி எடுக்காவிட்டால் மணையில் இருக்க மாட்டேன் என்று பிள்ளை அழுகிறாள். அதுதான் கேட்டேன்.

மூதூர் மச்சாள்: தள்ளி வையுங்கோ மாமி

சின்ன மாமி: இவரைக் கேட்டுச் சொல்கிறேன்

தங்கச்சி: 1996 க்கு எடுத்துவிட்டேன், விபரம் எழுதினார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் தெரியாது. இங்கத்தைய பொலிஸில் இல்லை என்கிறார்கள், கொழும்பாக இருக்கலாம்.

பெரியண்ணா: கைதுப் பற்றுச்சீட்டுத் தந்தார்களா?

தங்கச்சி: இல்லை

பெரியண்ணா: வந்தவர்களின் வாகன இலக்கம்?

தங்கச்சி: முன்வீட்டுப் பெடியன் படம் எடுத்திருக்கிறான். அனுப்பப் பயப்படுகிறான்.

மூதூர் மச்சாள்: நான் அவன் தாயோடு கதைக்கிறேன். இரவு பஸ்ஸில் யார் போகிறது?

பெரியண்ணா: நான் வாறேன். ஒரு பொம்பிளையும் வர வேண்டும்.

தங்கச்சி: நான் போனால் அம்மாவுக்குப் பக்கத்தில் யார்? அவவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கனடா சித்தப்பா: நான் எடுக்கிறேன். முழித்திருக்கிறாவா?