ஏற்காடு ஏறும்போது வேன் அலமாரியின் டிராயர் தானாகத் திறக்கிறது – எங்கே கோளாறு?

அடிவாரம்_வேன்:
வணக்கம்ங்க. டிராவலர் வேனை கேம்பர்வேனா மாத்துற வேலை பாதியில நிக்குது. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி வலது பக்கச் சுவரை ஒட்டி ஒரு அலமாரி போட்டாச்சு. நீளம் 1800, ஆழம் 450, உயரம் 800 மி.மீ. எல்லாம் 18 மி.மீ. பிளைவுட், உள்ளே வெளியே ரெண்டு பக்கமும் சன்மைக்கா. நடுவுல 600 மி.மீ. அகலத்துக்கு ஒண்ணு மேல ஒண்ணா மூணு டிராயர், சாதாரண டெலஸ்கோப்பிக் சேனல் (டிராயர் வழுக்கி ஓடுற இரும்புத் தடம்), காந்தக் கேட்ச். ரெண்டு ஓரத்துலயும் கதவு. முதுகுப் பலகை கிடையாது, வேன் சுவரே முதுகு.

இப்ப இருக்கிற தொல்லைகள்: சேலத்துல இருந்து ஏற்காடு ஏறும்போது வலது பக்கம் திரும்புற கொண்டை ஊசி வளைவுல எல்லாம் டிராயர் தானா வெளியே வருது. இடது வளைவுல ஒண்ணும் ஆகறதில்லை. சமதரையில வழுக்கிட்டு ஓடுற அதே டிராயர், ரோட்டோரமா ஒரு சக்கரம் மேடேறி நின்னா இறுகிக்குது. சுவர்ல அடிச்ச செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ சிலது கையாலயே சுத்துது. போதாக்குறைக்கு மலையில ரெண்டு மூணு ராத்திரி தங்கினா அலமாரிக்குப் பின்னாடி ஈரம். அடிப்பலகை ஓரம் உப்பிடுச்சு, கரும்பூஞ்சையும் இருக்கு.

ஆசாரி 25 மி.மீ. பலகையும் பெரிய காந்தமும் போட்டா சரியாயிடும்ங்கிறார். அதுல அர்த்தம் இருக்கா?

மூலைமட்டம்:
பலகையைத் தடிமனாக்காதீங்க. இப்பவே எடை அதிகம். பிளைவுட் ஒரு கன மீட்டர் 700 கிலோன்னு வச்சா 18 மி.மீ. பலகை சதுர மீட்டருக்கு 12.6 கிலோ. உங்க அளவுக்கு மேல், கீழ், நாலு நிறுத்துப் பலகை, முகப்பு எல்லாம் சேர்த்து சுமார் 4.5 சதுர மீட்டர் வரும். மரம் மட்டும் 57 கிலோ. ரெண்டு பக்கமும் 1 மி.மீ. சன்மைக்காவுக்கு இன்னொரு 12 கிலோ. டிராயர் பெட்டிங்களை இன்னும் கணக்குல சேர்க்கவே இல்லை. இதே கூடு (அலமாரியோட வெளிப்பெட்டி) 12 மி.மீ. பலகையில 38 கிலோவுக்குள்ள முடியும்.

டிராயர் விஷயம். அது நடைபாதையைப் பார்த்து, அதாவது இடது பக்கமா திறக்குது. வண்டி வலது பக்கம் திரும்பினா உள்ளே இருக்கிறதெல்லாம் இடது பக்கம் ஓடப் பார்க்கும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கி.மீ. வேகத்துல எடுத்தா, பக்கவாட்டு இழுப்பு எடையில 30 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். டிராயரும் பாத்திரமும் சேர்ந்து 15 கிலோன்னா இழுப்பு 5 கிலோ அளவு. 25 கி.மீ.ல எடுத்தா 7 கிலோவுக்கு மேல. நடுவுல ஒரு பள்ளம் குலுக்கி, காந்தம் ஒரு மி.மீ. விலகிட்டா அதோட பிடிப்பு போச்சு. பால்பேரிங் சேனல்ல தடுக்கிறதுக்கு உராய்வும் கிடையாது. அதனால எவ்வளவு பெரிய காந்தம் வாங்கினாலும் பிரயோஜனமில்லை. இயந்திரத் தாழ்தான் வேணும்.

இறுகுறதுக்குக் காரணம் வேற. கூடு கோணுது. இதைச் சோதிக்க சுலபமான வழி இருக்கு. சமதரையில வண்டியை நிறுத்தி, டிராயர்களைக் கழட்டி, அந்தத் திறப்போட ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால அளந்து எழுதிக்கங்க. பிறகு ஒரு பின்சக்கரத்தை மட்டும் 100 மி.மீ. கட்டைமேல ஏத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மத்த சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து மறுபடியும் அளங்க. ரெண்டு மூலைவிட்டத்துக்கும் 2 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா, வண்டி பாடி முறுக்குற முறுக்கை அலமாரியும் வாங்கிக்குதுன்னு அர்த்தம்.

அளவைப் போடுங்க, மேற்கொண்டு பேசலாம். அலமாரியைச் சுவர்லயும் தரையிலயும் எப்படிப் பிடிச்சிருக்குன்னும் சொல்லுங்க.

அடிவாரம்_வேன்:
அளந்துட்டேன். சமதரையில ரெண்டும் சமம். சக்கரத்தை ஏத்தினதும் 5 மி.மீ. வித்தியாசம். தரையில எட்டு செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, சுவர் ரிப்ல (சுவர்த் தகட்டைத் தாங்குற சட்டம்) ஆறு. எல்லாம் நேரா பலகை வழியா தகட்டுல இறக்கினது.

நாமக்கல்_பாடி:
5 மி.மீ.க்கு சேனல் இறுகாம என்ன பண்ணும்? அந்த சேனல் ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடம் கேட்கும். ரெண்டு பக்கமும் சேர்த்து 25.4. தாங்குற வித்தியாசம் அரை மி.மீ., மிஞ்சிப்போனா ஒண்ணு. 600 திறப்புக்கு டிராயர் பெட்டி வெளி அகலம் 574 இருக்கணும். 575, 576ன்னு கட்டியிருந்தா அதுவும் ஒரு காரணம், பாத்துக்குங்க.

ஸ்க்ரூ ஏன் லூசாகுதுன்னா: எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு ஒரு புரியிலிருந்து அடுத்த புரிக்கு 1.4 மி.மீ. வேன் உள்தகடு ஒரு மி.மீ. கூட இருக்காது. ஆக, முழுசா ஒரு புரிகூட தகட்டைக் கவ்வல. குலுங்கக் குலுங்க ஓட்டை பெருசாகும். அதே ஓட்டையில தடிச்ச ஸ்க்ரூ போடுறது ஒரு மழைக்காலம் வரைக்கும் ஓடும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது.

சுவர் ரிப்ல ரிவ்நட், அதாவது தகட்டு ஓட்டையில நசுங்கிப் பிடிச்சுக்கிற, உள்ளே புரி உள்ள குழாய் நட். எம்6க்கு (6 மி.மீ. போல்ட்) 9 மி.மீ. ஓட்டை, எம்8க்கு 11 மி.மீ. முதல்ல 3 மி.மீ. பிட்டுல பைலட், பிறகு பெருசு. பிட்டுல டேப் சுத்தி 10 மி.மீ.க்கு மேல உள்ளே போகாம பண்ணிக்குங்க, ரிப்புக்குள்ள ஒயரிங் ஓடும். ஓட்டை விளிம்புல பிசிறு எடுத்து, ஜிங்க் பிரைமர் தடவி, காஞ்சதும் காலர் அடியில பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் ஒரு வளையம் வச்சு ரிவ்நட்டை இறுக்குங்க. பிரைமர் தடவாம விட்டா ஓட்டையைச் சுத்தித் துரு வரும். மலையில ஈரத்தோட வண்டி நிக்கிறதால இது சீக்கிரமே தெரியும்.

தரைக்கு ரிவ்நட் போதாது. எம்8 போல்ட், 8.8 கிரேடு, நாலு இடம். அடியில 50 க்கு 50, 3 மி.மீ. தடிமன் இரும்புத் தகடு வாஷரா வச்சு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருக்கிற, குலுங்கினாலும் கழலாத நட்). துளை போடுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து டீசல் டேங்க், டீசல் லைன், பிரேக் லைன் எங்கே போகுதுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்கணும். இதுல அவசரமே கூடாது.

மேல் பிடிப்பை மட்டும் இறுக்கமா போடாதீங்க. ஆங்கிள்ல 7 க்கு 15 மி.மீ. நீள்துளை போட்டு, ரப்பர் புஷ் வச்சு, எம்6 நைலாக்கை வாஷர் அழுந்துற அளவுக்கு முடுக்கினா போதும். நீள்துளை வண்டி நீளவாக்குல இருக்கணும். அலமாரி சுவரைவிட்டு விலகாது, ஆனா சுவர் முறுக்குறப்ப அதோட சேர்ந்து இழுபடாது. லாரிக்குப் பாடி கட்டுறப்ப மரச்சட்டத்துக்கும் சேசிஸுக்கும் நடுவுல விட்டுக்கொடுக்கிற பிடிப்பு வைக்கிறதும் இதே கணக்குதான்.

மூலைமட்டம்:
நாமக்கல் அண்ணா சொன்னதோட ஒண்ணு: முதுகுப் பலகை இல்லாத கூடு, மேல் பிடிப்பைத் தளர்த்தினாலும் தன் எடைக்கே கோணும். 6 மி.மீ. பிளைவுட் முதுகு போடுங்க. பசை வச்சு, 100 மி.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ வீதம் எல்லா நிறுத்துப் பலகையிலயும். கூடுறது 6 கிலோ, கிடைக்கிற விறைப்பு 25 மி.மீ. பலகை போட்டாலும் வராது. பசை காயுறதுக்குள்ள மூலைவிட்டம் ரெண்டும் சமமான்னு பார்த்துட்டு ஸ்க்ரூவை முடுக்கணும்.

பிளைவுட் விளிம்புல நேரா ஸ்க்ரூ ஏத்தாதீங்க, அடுக்கு பிரிஞ்சுடும். உள்மூலையில 20 மி.மீ. அலுமினிய ஆங்கிளோ ரீப்பர் கட்டையோ கொடுத்து அதுல பிடிங்க.

அடிவாரம்_வேன்:
புரியுதுங்க. எப்படியும் பிரிக்கணும்னு ஆனப்புறம் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில புதுசா கட்டிடலாமா? தண்ணி பட்டாலும் உப்பாதுன்னு கடையில சொன்னாங்க.

மூலைமட்டம்:
உப்பாது, உண்மைதான். ஆனா எடையில பெரிசா மிச்சம் இல்லை, ஸ்க்ரூ பிடிப்பு பிளைவுட்டைவிடக் குறைவு, சூட்டுல தொய்யும். சித்திரை வெயில்ல சேலத்துல கண்ணாடி ஏத்தி நிறுத்தின வேனுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சிங்க் அடியில, கால் கழுவுற இடத்துல வேணா போடுங்க. சுமை தாங்குற கூட்டுக்கு ஐஎஸ் 710 முத்திரை போட்ட (மரைன் பிளைவுட்) 12 மி.மீ. பலகை. டிராயர் பக்கங்கள் 9, அடி 6.

பசையும் அந்தச் சூட்டுக்குத் தகுந்ததா இருக்கணும். சன்மைக்கா ஒட்டுற ரப்பர் பசை சூட்டுல இளகி ஓரம் எழும்பும். எங்கெங்கே விளிம்பு வெளியே தெரியுதோ அங்கே அலுமினிய பீடிங் அடிச்சுடுங்க. சன்மைக்காவை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா 12 மி.மீ. பலகை வில்லாட்டம் வளையும். ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒட்டணும், இல்லேன்னா ஒட்டவே வேண்டாம், ரெண்டு பக்கமும் பியூ பாலிஷ் போதும். என் ஓட்டு பாலிஷுக்கு.

செவ்வாய்பேட்டை_ஹார்டுவேர்:
தாழுக்கு வர்றேன். கேம்பர்வேன்ல எல்லாரும் கேட்கிறது புஷ் பட்டன் லாக். அமுக்கினா பட்டன் உள்ளே போய்ப் பூட்டும், மறுபடி அமுக்கினா கைப்பிடியா வெளியே வரும். நல்லாத்தான் இருக்கும். பெரும்பாலும் 26 மி.மீ. ஓட்டை கேட்கும். 12 மி.மீ. முகப்புக்கு நேரா உட்காராது, உள்பக்கம் ஒரு துண்டுப் பலகை ஒட்டித் தடிமன் கூட்டணும். கூடு கோணினா நாக்கு பூட்டுத் தகட்டுல மாட்டாது. அதனால மேல சொன்ன வேலை முடியாம இதை வாங்காதீங்க.

இழுத்தா நின்னுக்கிற, தள்ளினா பூட்டிக்கிற லாக்கிங் சேனலும் இருக்கு. பக்கத்துக்கு 19 மி.மீ. இடம் பிடிக்கும், எடையும் அதிகம். பேட்டரி டிராயர், டூல்ஸ் டிராயருக்குச் சரி. தட்டு டம்ளருக்கு அவ்வளவு வேண்டாம்.

மூணு டிராயர் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கிறதால ரொம்பச் சுலபமான வழி ஒண்ணு உண்டு. ஒவ்வொரு முகப்புலயும் ஓட்டை போட்ட ஒரு எல் பட்டி, மேல் பலகையில ஒண்ணு, அடிச்சட்டத்துல ஒண்ணு, அஞ்சும் ஒரே நேர்கோட்டுல. அந்த ஓட்டைங்க வழியா ஒரு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பியை மேலிருந்து இறக்கினா மூணும் ஒரே நேரத்துல பூட்டு. கம்பி மேல் முனையை வளைச்சு சிவப்பு டேப் சுத்துங்க. வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி திரும்பிப் பார்த்தாலே போட்டிருக்கா இல்லையான்னு தெரியும். பட்டன் லாக்ல ஒவ்வொண்ணா தொட்டுப் பார்க்கணும்.

மூலைமட்டம்:
கம்பி யோசனை சரி. ஆனா டிராயர் முகப்புல எல் பட்டியை மர ஸ்க்ரூல மாட்டாதீங்க, எம்5 போல்ட் குறுக்கே விட்டு உள்பக்கம் வாஷர் நட். மொத்த இழுப்பும் அந்த ஒரு இடத்துலதான் வரும்.

மூடுபனி:
ஈரத்தைப் பத்தி யாரும் பேசல. அது ஒழுகல் இல்லைன்னு முதல்ல உறுதி பண்ணிக்கங்க. சேலத்துல வண்டியை நிறுத்தி ஹோஸ்ல கூரை, ஜன்னல் ரப்பர்மேல பத்து நிமிஷம் தண்ணி அடிங்க, பின்னாடி கை வச்சுப் பாருங்க. காய்ஞ்சிருந்தா அது மூச்சுக்காத்து ஈரம்தான். ஏற்காடு 1500 மீட்டர் உயரம். ராத்திரி தகடு சில்லுன்னு ஆகும், உள்ளே ரெண்டு பேர் மூச்சும் காபி போட்ட ஆவியும் அதுல படிஞ்சு நீரா வழியும். அலமாரி சுவரை ஒட்டியே இருக்கிறதால அங்கே காத்து போகாது, பகல்லயும் காயாது.

வெறும் தகடு தெரியக்கூடாது. பின்பக்கம் பசையோட வர்ற 10 அல்லது 13 மி.மீ. நைட்ரைல் ஃபோம் ஷீட்டை இடைவெளி இல்லாம ஒட்டுங்க. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், ஈரம் குடிச்சு வச்சுக்கும். ஃபோமுக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவுல 20 மி.மீ. காத்துப் பாதை. முதுகுல ஒவ்வொரு அறைக்கும் கீழே ஒண்ணு மேலே ஒண்ணு 35 மி.மீ. ஓட்டை, கீல் கப் போடுற அதே பிட் போதும். மூலையை விட்டு 80 மி.மீ. தள்ளிப் போட்டா விறைப்பும் குறையாது. அடிப்பலகையைத் தரையில படுக்க வைக்காம 15 மி.மீ. ரப்பர் துண்டுமேல நிறுத்துங்க, போல்ட் அந்த ரப்பர் வழியாவே போகட்டும். வெட்டின விளிம்பு எல்லாத்துக்கும் எபாக்சியோ பியூ பாலிஷோ மூணு கோட். பிளைவுட் தண்ணி குடிக்கிறது முகத்தால இல்லை, விளிம்பால. படுக்கும்போது ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வைங்க.

உப்பின துண்டைக் காயவச்சு மறுபடி போடலாம்னு நினைக்காதீங்க, அடுக்குப் பசை விட்டாச்சு.

நாமக்கல்_பாடி:
கேட்காத ரெண்டு விஷயம். தண்ணி கேன், பேட்டரி ரெண்டையும் அலமாரி அடித்தட்டுல, பின் ஆக்சிலுக்கு முன்னால வைங்க. 20 லிட்டர் கேன் ரெண்டுன்னா 40 கிலோ. கடைசிக் கதவோரம் வச்சா வண்டி பின்னால தொங்கும், ஸ்டியரிங் லேசாயிடும். கேஸ் சிலிண்டர் டிராயர் இருக்கிற அறைக்குள்ள வேண்டவே வேண்டாம். கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா கீழே தேங்கும். சிலிண்டருக்குத் தனி அறை, உள்பக்கம் அடைச்சு, தரையில வெளியே போற ஓட்டையோட இருக்கணும். அந்த ஓட்டை சைலன்சர் பக்கம் வராம பாத்துக்குங்க.

சீட்டைக் கழட்டியிருந்தா ஆர்சி புத்தகத்துல இருக்கிற சீட் எண்ணிக்கை மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதுக்குத்தான். ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கிட்டு மீதி வேலையைத் தொடங்குங்க.

அடிவாரம்_வேன்:
எல்லாத்துக்கும் நன்றிங்க. 12 மி.மீ. பலகையில புதுக்கூடு, முதுகு, ரிவ்நட், கம்பித் தாழ், இதுதான் முடிவு. கடைசியா ஒண்ணு: கம்பி எத்தனை மி.மீ.? பட்டி ஓட்டை எவ்வளவு? கடகடன்னு சத்தம் வராதா?

செவ்வாய்பேட்டை_ஹார்டுவேர்:
10 மி.மீ. எஸ்எஸ் கம்பி, 304 கிரேடு, 850 மி.மீ. நீளம் வாங்கி மேலே 40ஐ வளைச்சுக்குங்க. பட்டி 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். ஓட்டை 12 போட்டு உள்ளே ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்புல மாட்டுற வளையம்) மாட்டுங்க; குரோமெட் உள்துளை 10 இருக்கிறதா பார்த்து வாங்கணும். அடிப்பட்டிக்கு மட்டும் குரோமெட் இல்லாம 11 மி.மீ. ஓட்டை, கம்பி முனையைக் கிரைண்டர்ல கூராக்கினா தானா இறங்கும். கம்பி மேலெழும்பாம இருக்க வளைஞ்ச முனையை ஒரு டேர்ன் பட்டன் (திருப்பினா பிடிச்சுக்கிற சின்னத் தாழ்) அடியில சொருகுங்க. அப்புறம் அஞ்சு பட்டியையும் கம்பியில கோத்து வச்சபடியே, மாட்டுற போல்ட் இடங்களைக் குறிச்சுத் துளை போடுங்க. தனித்தனியா அளந்து போட்டா கடைசி ரெண்டு கண்டிப்பா நேர்ல வராது.